முதிரைக் கதவும் பற்றரி சாண்டரும்

பற்றரியில ஓடுற சாண்டர், அதாவது மணல்தாள் பேப்பரால பலகையைத் தேச்சு மினுக்கிற மெசின், வாங்கிறது வீண்காசு எண்டு எங்கட பக்கம் மர வேலை தெரிஞ்ச ஆக்கள் கனபேர் சொல்லுவினம். டிரில் சரி, ஸ்குரூ பூட்டுற மெசின் சரி, அதெல்லாம் பற்றரியில இருக்கலாம், சாண்டர் மட்டும் வயரோடதான் இருக்க வேணும் எண்டுறது அவையின்ர முடிஞ்ச முடிவு. எனக்கு இந்தக் கதையில பாதி சரியாத்தான் பட்டது, மற்றப் பாதி மனசுக்குள்ள போகாமலே நிண்டது. ஏனெண்டா இதைச் சொல்லுற ஆள் எப்பவும் தன்ர பட்டறைக்குள்ள நிண்டுகொண்டுதான் சொல்லுவார். தலைக்கு மேல லைற் எரியும், கைக்கெட்டின தூரத்தில பிளக் இருக்கும், வேலை மேசை ஆடாமல் அசையாமல் நிக்கும். நான் வேலை செய்யிற இடங்கள் அப்பிடி இல்லை. நான் தொழிலுக்குத் தச்சு வேலை செய்யிறவன் இல்லை, சொந்தக்காரர் வீடுகளில, ஊர் முன்பள்ளியில, கோயிலில எண்டு தேவைப்பட்ட இடத்தில நிண்டு செய்யிறவன். சுவர் எழும்பி வயரிங் இன்னும் இழுக்காத வீடு, வேப்பமரத்துக்குக் கீழ போட்ட வாங்கு, வயலுக்குள்ள இருக்கிற கொட்டில், இதுகள்தான் என்ர பட்டறை.

வயரோட போய்ப் பாத்தவைக்கு மிச்சம் விளங்கும். பக்கத்து வீட்டில கேட்டு, வேலிக்கு மேலால எக்ஸ்ரென்சன் வயரை எறிஞ்சு, அது காணாமல் இன்னொண்டைத் தொடுத்து, மெல்லிய வயரில அவ்வளவு தூரம் கரண்ட் வந்து சேரேக்க வோல்ட் விழுந்து மெசின் முனகத் தொடங்கும். லைனின்ர கடைசி வீடுகளில பின்னேரம் பல்பே மங்கலாத்தான் எரியிறது, அதில மோட்டரைப் போட்டா ஸ்பீட் குறைஞ்சு சூடுதான் ஏறும். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிப்பாட்டினதையும் நாங்கள் மறக்கேல்லை. அந்த நேரம் சாமம் ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்தா எழும்பி வேலை செய்த தச்சு வேலைக்காரர் இருக்கினம்.

ஆனா அவை சொல்லுற பாதிக்கும் கணக்கு இருக்கு, அதைத் தட்டிவிட ஏலாது. டிரில் ஒரு ஆணியைப் பூட்டிப்போட்டு நிண்டிடும், சாண்டர் நிக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், பற்றரி உலகத்தில அது ஒரு தீனிப்பண்டாரம். ஏஎச் எண்டது பற்றரி எவ்வளவு கரண்ட் பிடிக்கும் எண்ட அளவு, அதை வோல்ட்டால பெருக்கினா வோட் அவர், 18 வோல்ட் 5 ஏஎச் பற்றரிக்குள்ள இருக்கிறது 90 வோட் அவர். 125 மில்லிமீற்றர் டிஸ்க், எண்டா வட்டப் பேப்பர், போடுற வயர் சாண்டர், மக்கிட்டா கொம்பனியின்ர பிஓ5030 மாதிரி, 300 வோட்ஸ். அதே இழுவையைப் பற்றரியில இழுத்தா 18 நிமிசத்தில கதை முடிஞ்சுது. பற்றரி சாண்டர் அவ்வளவு இழுக்காது, பாதி எண்டு வைச்சாலும் 36 நிமிசம். டிரிலோட வாற சின்ன 2 ஏஎச் பற்றரியைக் கொளுவினா கால் மணித்தியாலம். நாள் முழுக்க அலுமாரியும் கட்டிலும் செய்து கடைக்குக் குடுக்கிறவருக்கு இது சரிவராது, அவர் வயர் மெசின்தான் வாங்க வேணும், அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

எனக்கெண்டா 36 நிமிசம் தாராளம். சித்திரை வெயிலுக்க அதிர்ற மெசினைப் பிடிச்சுக்கொண்டு ஒரே மூச்சில அவ்வளவு நேரம் நிக்க ஏலாது, கை விறைக்கும். இடையில பேப்பர் மாத்த வேணும், பலகையைச் சரிச்சு வெளிச்சத்தில கீறல் பாக்க வேணும், தண்ணி குடிக்க வேணும். மக்கிட்டான்ர டிசி18ஆர்சி எண்ட வேகச் சார்ஜர் 5 ஏஎச் பற்றரியை 45 நிமிசத்தில ஏத்தும். ரெண்டு பற்றரி இருந்து, சார்ஜருக்கு மட்டும் எங்கயாவது ஒரு பிளக் கிடைச்சா, ஒண்டு ஓட ஒண்டு ஏறும். ஒரு விசயம், ஓடி முடிஞ்சு கொதிச்சுக்கொண்டிருக்கிற பற்றரியைக் கழட்டின கையோட சார்ஜரில வைக்காதேங்கோ. நல்ல சார்ஜர் எண்டா அதுவே ஆறும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்கும், மலிவான சார்ஜர் நிக்காது. பூட்டின வானுக்குள்ள வெயிலில விட்டுட்டுப் போறதும் கூடாது. எங்கட வெக்கைக்கு லித்தியம் பற்றரி சாகிறது அப்பிடித்தான்.

வோல்ட் எண்டு எழுதியிருக்கிறதை நம்பிறதோ

கடையில போய் நிண்டா முதல்ல காட்டுறது வோல்ட்தான். 18 இருக்கு, 20 இருக்கு, அதுக்கு அங்கால 48, 88, 128 எண்டு பெரிய எழுத்தில அடிச்ச பெட்டிகளும் இருக்கு, விலை பாத்தா 18 ஐ விட மலிவு. விசயம் என்னெண்டா இதெல்லாத்துக்குள்ளயும் பெரும்பாலும் அதே அஞ்சு செல்தான் வரிசையா இருக்கு. ஒரு செல் 3.6 வோல்ட், அஞ்சும் சேர 18. முழுக்க ஏத்தின உடன 20 ஐத் தாண்டி நிக்கும், அதாலதான் டிவால்ட் (DeWalt) மாதிரிக் கொம்பனிகள் வட அமெரிக்காவில 20 வோல்ட் மக்ஸ் எண்டு போடுறது. அது 18 ஐ விடப் பலமான மெசின் இல்லை, ஒரே சாமான்தான். 48க்கும் 128க்கும் அந்த அளவு விளக்கம் கூட இல்லை. ஏஎச்சும் அப்பிடித்தான், ஸ்ரிக்கரில என்னவும் எழுதலாம், பற்றரியைக் கையில தூக்கிப் பாருங்கோ. அஞ்சு செல் போட்டது அரைக் கிலோவுக்குக் கீழ நிக்கும், பத்துச் செல் போட்டது அதைத் தாண்டும். 6 ஏஎச் எண்டு எழுதியிருக்கிற பற்றரி கையில பாரமே தெரியாமல் இருந்தா அதுக்குள்ள 6 இல்லை. பேர்போன கொம்பனியின்ர பேரையும் நிறத்தையும் அப்பிடியே போட்டு வாற போலிப் பற்றரியும் இப்ப கனக்க. டவுணில ஒரு கடையில வாங்கின அப்பிடியொண்டு எங்கட வீட்டில ஒரு மாரி கூடத் தாக்குப்பிடிக்கேல்லை.

வெளிநாட்டில இருந்து வாறது இன்னொரு கதை. வன்னியில பாதி வீட்டில ஒரு கனடா மச்சான் இருக்கிறார், இல்லாட்டி ஒரு லண்டன் அக்கா. வரேக்க என்ன வேணும் எண்டு கேட்டா நாங்களும் கூச்சப்படாமல் மெசின் எண்டுவம். ரொறன்ரோவில இருக்கிற என்ர மச்சான் போன முறை வரேக்க சாண்டர் கொண்டாறன் எண்டு நிண்டவர், நான் சொன்னது இதுதான்: மச்சான், மெசின் கொண்டா, சார்ஜரைக் கொண்டராத. அங்கத்தைச் சார்ஜர் 120 வோல்ட்டுக்குச் செய்தது, எங்கட 230 இல குத்தினா அந்த நிமிசமே புகைக்கும். அடியில 100 இல இருந்து 240 வரை எண்டு போட்டிருந்தா மட்டும் பயமில்லை. லண்டன் சார்ஜருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, வோல்ட்டும் ஒண்டு, சதுரப்பின் பிளக்கும் ஒண்டு. பற்றரி கொண்டு வாறதுக்கும் பிளேன்காரர் அளவு வைச்சிருக்கினம், தனிப் பற்றரியைக் கையில கொண்டு வாற பையிலதான் வைக்க வேணும், 100 வோட் அவருக்குள்ள எண்டா தனி அனுமதி தேவையில்லை. 5 ஏஎச் எண்டா 90, தப்பும். 6 ஏஎச் எண்டா 108, முதலே கேட்டு அனுமதி எடுக்க வேணும். இதை எல்லாம் யோசிச்சுப் பாத்தா, ஏற்கனவே வீட்டில என்ன டிரில் இருக்கோ அதின்ர பற்றரி ஏறுற சாண்டரை வெறும் மெசினா வாங்கிறதுதான் புத்தி. என்னட்ட மக்கிட்டா 18 வோல்ட் டிரில் இருந்தபடியா டிபிஓ180 எண்டு முடிவாச்சு. இங்கோ, டோட்டல் கொம்பனிச் சாமான் வைச்சிருக்கிறவை அதிலயே போங்கோ, பொஷ் வைச்சிருக்கிறவை பொஷ்ஷில போங்கோ. சாண்டருக்காகப் புதுசா ஒரு பற்றரிக் குடும்பத்துக்குள்ள போறது மட்டும் வேண்டாம்.

சித்தப்பான்ர கதவு

இவ்வளவும் எனக்கு மெசின் வாங்க முதலே தெரியும். தெரியாத ஒண்டு ஒட்டுசுட்டான் பக்கம் சித்தப்பா வீட்டிலதான் விளங்கினது.

சித்தப்பா வீட்டில ஒரு முதிரைக் கதவு இருக்கு, ரெட்டைக் கதவு, நிலையோட. அப்பப்பா காலத்தில செய்தது. 2009க்குப் பிறகு அவை திரும்பிப் போகேக்க கூரை இல்லை, சுவரில பாதி இல்லை, கதவு மட்டும் நிலையோட விழுந்து கிடந்தது. அது எப்பிடி ஒருத்தற்ர கையிலயும் அகப்படாமல் தப்பினது எண்டு இண்டைக்கு வரைக்கும் தெரியாது. இந்திய வீட்டுத்திட்டத்தில குடுத்த அஞ்சரை லட்சத்தில எழுப்பின வீட்டுக்கு அந்தக் கதவு அளவில்லை, அதால கன வருசமாக் கொட்டிலுக்கதான் சாத்திக் கிடந்தது. இப்ப மகளின்ர கலியாணத்துக்கு முன்பக்கம் ஒரு விறாந்தை இறக்கி, அந்தக் கதவைத்தான் கொளுவ வேணும் எண்டு சித்தப்பா ஒரே பிடி. புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தச்சு வேலை அண்ணை வந்தார், பற்றரி சாண்டர் வீண் எண்டு சொல்லுற கூட்டத்தில அவர்தான் தலைவர். நான் உதவிக்கு.

அண்ணை மெசினை எடுக்க முதல் பையுக்க இருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்டை எடுத்தார், துணியில சுத்தியிருந்தது. கதவைக் கிடத்திப்போட்டு மேல இருந்து கீழ வரைக்கும் அதைத் தடவிக்கொண்டே வந்தார். நடுச்சட்டத்துக்குக் கிட்ட வரேக்க காந்தம் கையை இழுத்துக்கொண்டு போய் டக்கெண்டு ஒட்டினது. அந்த இடத்தில மேல ஒண்டும் தெரியாது, நீலமும் கறுப்பும் கலந்த ஒரு கறை மட்டும், பாத்தா தண்ணிக்கறை எண்டுதான் நினைப்பம். இரும்பு மரத்துக்க கிடந்தா மரத்தின்ர துவர்ப்போட சேந்து அப்பிடித்தான் கறுக்கும், கறையைச் சுத்தி நார் கொஞ்சம் உயந்து நிக்கும் எண்டு அண்ணை காட்டினார். சின்ன உளியால தோண்டினார். புளியங்கொட்டை அளவில ஒரு செல்துண்டு, சண்டைக் காலத்து எறிகணைச் சிதறல், ஒரு பக்கம் மினுங்கிற கூர், மற்றப் பக்கம் கறள். சித்தப்பா அதை வாங்கி உருட்டிப் பாத்தார். "தம்பி, கீழ்ச்சட்டத்தையும் வடிவாப் பாருங்கோ, அந்தப் பக்கம்தான் செல் விழுந்தது" எண்டார். கீழயும் இருந்தது.

எங்கட பக்கத்து மரக்காலையில மரம் அரியக் குடுத்தா எந்தக் காட்டு மரம், எந்தக் காணி மரம் எண்டு கேக்கிறது இதுக்குத்தான், ஒரு துண்டு இரும்பு வாளின்ர பல்லையே எடுத்திடும். சாண்டருக்கு அது வேற மாதிரி. அண்ணை இரும்பெல்லாம் எடுத்துப்போட்டுத் தன்ர வயர் மெசினைப் போட்டார், 80 நம்பர் பேப்பர் (நம்பர் கூடக் கூட மணல் சின்னன்), நல்லாத்தான் போச்சு. நிலையில ஒரு இடத்தில பேப்பர் கிழிஞ்சு பறந்தது. பாத்தா துவக்குச் சன்னம் ஒண்டு, செம்புக் கோது, உள்ள ஈயம், காந்தத்துக்கு அது பிடிபடாது. பேப்பர் கிழிஞ்சதோட நிக்கேல்லை, பேப்பர் ஒட்டுற பாட் இருக்கெல்லோ, அதின்ர ஒரு பக்கம் கொளுக்கி எல்லாம் வழிச்செடுத்த மாதிரிப் போயிட்டுது. புதுப் பேப்பர் ஒட்டினா ஓடின உடன கழண்டு பறக்குது. அண்ணை டவுணுக்கு ஆள் விட்டார். அந்த மெசினுக்குப் பாட் தனிய வாறேல்லையாம், புது மெசின்தான் வாங்க வேணுமாம். மெசினுக்குள்ள மோட்டர் நல்லா இருக்கு, வயர் நல்லா இருக்கு, கைநிறைய அகலமில்லாத ஒரு ரப்பர் வட்டத்துக்காக முழுசும் குப்பை.

என்ர பற்றரி மெசினைத்தான் பிறகு எடுத்தம். பின்னேரம் வரைக்கும் ரெண்டு பற்றரியும் மாறி மாறி ஓடினது, சார்ஜர் பக்கத்து வீட்டில, சித்தப்பான்ர சின்ன மகன்தான் கொண்டு போய்க் கொண்டு வந்தது. அண்ணை அந்த மெசினைப் பிடிச்சு வேலை செய்துபோட்டு, பற்றரி எவ்வளவு நேரம் நிக்கும் எண்டோ என்ன விலை எண்டோ கேக்கேல்லை. தலைகீழாப் பிரட்டி அடிப்பக்கத்தைப் பாத்திட்டு, "தம்பி, இதுக்கு பாட் தனிய வாங்கலாமோ?" எண்டு கேட்டார்.

நான் அதுவரைக்கும் வோல்ட்டையும் வேகத்தையும் மோட்டரையும் பாத்துப் பாத்து யோசிச்சது எல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இடம் மாறினது. எங்கட ஊர் மரத்தில இந்த மெசின் எதோட முட்டப்போகுது எண்டுறதைக் கொழும்பிலயோ ரொறன்ரோவிலயோ இருந்து எழுதுறவை யோசிக்க மாட்டினம், அவைக்கு அது தேவையும் இல்லை. எங்களுக்குத் தேவை. பாட் நாலு ஸ்குரூவில கழண்டு வர வேணும், அந்தப் பாட் வவுனியாவிலயோ யாழ்ப்பாணத்திலயோ தனிய வாங்கக்கூடியதா இருக்க வேணும். மோட்டர் எவ்வளவு பெரிசா இருந்தாலும் அது இல்லாட்டி அந்த மெசின் எங்களுக்குச் சரிவராது.

பேப்பரும் அதே கணக்குத்தான். 125 மில்லிமீற்றர் வட்டப் பேப்பர் 5 ஓட்டையிலயும் வருது, 8 ஓட்டையிலயும் வருது, மாறி ஒட்டினா தூசி போற வழி அடைபடும், பேப்பரும் கெதியா மூடிப்போகும். ஊர்க்கடையில ஓட்டைப் பேப்பர் எப்பவும் கிடைக்கும் எண்டில்லை. முழங்காவில், துணுக்காய் எண்டு உள்ளுக்க இருக்கிறவை சதுர அடி வைச்ச சின்னச் சாண்டரையும் யோசிக்கலாம், அது வேகம் குறைவுதான், ஆனா எந்தப் பெட்டிக்கடையிலயும் கிடைக்கிற சாதாரணத் தாளை நாலாக் கிழிச்சுக் கவ்வி மாட்டினாச் சரி. மூலைகளுக்குள்ளயும் அது போகும், வட்டம் போகாது.

தூசி எங்க போகுது

அண்டைக்கு வயர் இல்லாததால கிடைச்ச இன்னொண்டையும் சொல்ல வேணும். நிலையைச் சாண்ட் பண்ணேக்க சோழகம் வீசத் தொடங்கினது, தூசி முழுக்க வீட்டுப் பக்கம் போகுது, உள்ள மச்சாளின்ர கைக்குழந்தை. நாங்கள் நிலையைத் தூக்கிக்கொண்டு வளவின்ர அந்தத் தொங்கலுக்குப் போய், காத்து வயல் பக்கம் அடிக்கிற மாதிரி நிண்டு வேலை செய்தம். வயரோட எண்டா அது நடக்காது, வயர் எட்டுற இடத்திலதான் வேலை, அங்கதான் தூசி.

முதிரைத் தூள் சில பேருக்குத் தோலில கடி எடுத்துக் கொப்பளிக்கும், மூக்கு எரியும், அது தச்சு வேலைக்காரர் எல்லாருக்கும் தெரியும். மரத்தூள் பொதுவாவே புற்றுநோய் கொண்டு வாற சாமான் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இலயே நிச்சயமாப் புற்றுநோய் தரும் எண்ட முதல் பிரிவில போட்டது, முக்கியமா மூக்குக்குள்ள வாற புற்று. மெசினோட வாற சின்னப் பை பெரிய தூளைப் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத மாவு வெளியிலதான் போகும், அதுதான் நெஞ்சுக்குள்ள இறங்கிறது. கொரோனாக் காலத்து என்95 மாஸ்க் மிச்சம் இருந்தா அதைப் போடுங்கோ, துணியைக் கட்டுறது காணாது. வாக்குவம் கொளுவக்கூடிய குழாய் மெசினில இருக்கோ எண்டும் பாத்து வாங்குங்கோ. இரும்பில முட்டிப் பொறி பறந்தா அந்தப் பையை உடன கழட்டிக் கொட்டுங்கோ, தூளுக்குள்ள விழுந்த பொறி சத்தமில்லாமல் கனகனத்துக்கொண்டு கிடந்து பிறகு பத்தும்.

பழைய பெயின்ற் விசயத்தில நான் இன்னும் கடுமையாச் சொல்லுவன். இலங்கையில பெயின்ற்றில ஈயம் இவ்வளவுக்கு மேல இருக்கக் கூடாது எண்டு வரையறை நடைமுறைக்கு வந்தது 2013 இல. அதுக்கு முந்தி அடிச்ச பச்சையும் மஞ்சளும் எங்கட பழைய யன்னல்களில, நிலைகளில, பள்ளிக்கூட வாங்குகளில எல்லாம் இன்னும் இருக்கு. அதில சாண்டரைப் போட்டா ஈயத்தை மாவாக்கி வீடு முழுக்கத் தூவுற வேலைதான், சின்னப் பிள்ளையளின்ர மூளைக்கு அது கூடாது. சித்தப்பான்ர நிலையிலயும் பச்சை இருந்தது, அண்ணை தண்ணி தெளிச்சுத் தெளிச்சுத் தகட்டால சுரண்டி, சுரண்டினதைப் பையில கட்டின பிறகுதான் மெசின் பக்கம் வந்தவர். அதுக்குப் பிறகும் மாஸ்க்கைக் கழட்டேல்லை.

மெசின் பிடிக்கிற முறையில ஒண்டு மட்டும். அமத்தாதேங்கோ. பற்றரி மெசின் கெதியாச் சாகிறதுக்கும் பலகையில சுருள் சுருளாக் கீறல் விழுறதுக்கும் பாட்டின்ர கொளுக்கி சூட்டில உருகிறதுக்கும் பாதிக் காரணம் கையால அமத்திறதுதான். டிபிஓ180 நிமிசத்துக்கு 7000, 9500, 11000 எண்டு மூண்டு வேகத்தில சுத்துது, ஒவ்வொரு சுத்தும் 3 மில்லிமீற்றருக்குள்ளதான், மெசினின்ர பாரமே காணும், மெதுவா நகத்தினாச் சரி. 80, 120, 180, அதோட வாணிஷ் அடிக்கலாம். 80 இல இருந்து நேர 240க்குப் பாஞ்சா 80 போட்ட கீறல் அப்பிடியே இருக்கும், வாணிஷ் அடிச்ச பிறகுதான் தெரியும். மாரிக்குக் கதவு இறுகுது எண்டு சாண்டரைத் தூக்கிறவையும் இருக்கினம், அது சீவுளி வேலை, அதுவும் கொஞ்சம்தான், தை மாசியில காஞ்ச பிறகு இடைவெளி விட்டிடும்.

அந்த அண்ணை இப்ப ஒரு பற்றரி சாண்டர் வாங்கியிருக்கிறார், பட்டறைக்கு இல்லை, வெளி வேலைக்கு. பட்டறையில பழையபடி வயர்தான், பாட் தனிய வாற மெசினாப் பாத்து எடுத்தவர். எனக்கு ஒரு உதவி வேணும். 8 ஓட்டை 125 டிஸ்க் 120 நம்பரில முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்கம் ஒழுங்கா எடுத்து வைச்சிருக்கிற கடை ஏதும் தெரிஞ்சா சொல்லுங்கோ, ஒவ்வொரு முறையும் வவுனியாவுக்கு ஆளைப் பிடிச்சு எடுப்பிக்க வேண்டிக் கிடக்கு. மலிவு டிஸ்க் வேண்டாம், அது பாலை மரத்தில ஒரு பலகை கூட ஓடாது.